நான் போட்ட மூன்று வரிசைத் தையல்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார், படி ஏறும்போது மட்டும் முட்டி அவரைத் திட்டுகிறது, அவர் படியைத் திட்டுகிறார். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்து அடியில் வாளி வைத்திருக்கிறோம். நானும் நன்றாக இருக்கிறேன் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும், ஆனால் இரண்டு நாளாக நான் நன்றாக இல்லை. காய்ச்சல், மயக்கம் என்று பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பா குழாய்க்காரரைத் தேடிப் போன நேரம் பார்த்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்றுக் காலை போனில், உன் கார் சீட் கவரில் நான் போட்ட தையல் கோணலாகிவிட்டது, பிரித்துப் போட்டுவிடு என்று சொன்னேன் இல்லையா, அது பொய். நீயும் சிரித்துக்கொண்டே, உன் தையலாவது கோணலாகறதாவது, எனக்குப் பிடிச்சிருக்கு, அப்படியே இருக்கட்டும்மா என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்னக் காரை நீ பழையதாக வாங்கியபோது முன்சீட் இரண்டும் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, ரத்த மாதிரிப் பெட்டியை ஏற்றி இறக்கும்போது ஸ்பிரிட் சிந்திக் கறை வேறு. மலைமேல் ஒவ்வொரு சுகாதார நிலையமாக நின்று மாதிரி வாங்கிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு ஓட்டி வருகிறவளுக்கு உட்காரும் இடமாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா. இங்கே கவர் விலை கேட்டால் மயக்கம் வருது, அங்கே கட்டுப்படியாகிற மாதிரி நீயே பார்த்து வாங்கும்மா என்று நீ சொன்னதும் எனக்கு ஒரே பெருமை. நானும் அப்பாவும் மூன்று கடை ஏறி இறங்கினோம். ரெக்சின் வெயிலில் பழுக்கும், துணி கறையை விடாது, வலைத்துணி போட்டால் பஞ்சு திரும்பவும் தலை நீட்டும் என்று நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்பா இரண்டாவது கடையில் மாதிரிக்கு வைத்திருந்த சீட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்து பார்த்துத்தானே வாங்கணும் என்று கண்ணை மூடிக்கொண்டார், வெளியே வெயில், உள்ளே ஏசி, அதுதான் விஷயம். கடைசியில் மூன்றாவது கடையில் அந்தச் சாம்பல் நிறக் கவர் கிடைத்தது. மேலே தடித்த துணி, உட்காரும் இடத்தில் மட்டும் துடைக்கிற மாதிரி ரெக்சின், விலையும் மற்ற கடையில் பாதிதான்.

அங்கேதான் என் கெட்ட நேரம். கவரைக் கையில் வாங்கியதும் எனக்கு எப்போதும் தையலைத்தான் பார்க்கத் தோன்றும், உனக்குத் தெரியுமே. எல்லா இடத்திலும் நல்ல தையல், முன்சீட் முதுகில் கதவுப் பக்கம் மட்டும் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு நூல் இழை இழையாக, பல்லும் பல்லும் எட்ட நிற்கிற மாதிரி தைத்திருந்தது. இரண்டு விரலால் இழுத்தால் வாயைப் பிளக்கிறது. இதென்ன இப்படி இருக்கு என்று கேட்டேன். கடைக்காரர், அந்தப் பக்கத் தையல் அப்படித்தான் இருக்கணும் அக்கா, அதுல மட்டும் கை வெச்சுடாதீங்க என்றார். இதை நன்றாகப் படித்துக்கொள், அவர் சொன்னார். ஏன் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். இருபத்து மூன்று வருஷமா தையல் மிஷின்ல உட்கார்ந்திருக்கிறவகிட்டயே தையல் பத்திப் பாடம் எடுக்கறீங்களா, மட்டமான சரக்கு விற்கிறவங்க சொல்ற சாக்குதான் இது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு, அந்தத் தையலைக் காட்டியே இன்னும் கொஞ்சம் விலையைக் குறைத்துக்கொண்டு வந்தேன். அந்த மனிதர் வாயைத் திறக்கவே நான் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மிஷினை இழுத்துப் போட்டு இரண்டு கவருக்கும் அந்த இடத்தில் பை தைக்கிற நைலான் நூலில் மூன்று வரிசை போட்டேன், உள்பக்கம் ஒரு பட்டை வைத்து அதையும் சேர்த்து அடித்தேன். என் கையில் தைத்த உருப்படி ஒன்றுகூடக் கம்பெனிக்குத் திரும்பி வந்ததில்லை என்ற திமிர்தான், வேறென்ன. உன் அப்பா பார்த்துவிட்டு, என் சம்சாரம் போட்ட தையலை யானை கட்டி இழுத்தாலும் பிரிக்க முடியாது என்று எதிர்வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பார்சலில் அனுப்பினேன், நீயும் மாட்டிப் பார்த்துப் போட்டோ அனுப்பினாய், வாண்டு அதில் ஏறி உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கம்பெனியில் எல்லாருக்கும் காட்டினேன். பக்கத்து மிஷின் பட்டன் அக்கா, என் தம்பி காருக்கும் அதே மாதிரி வேணும் என்று பிடித்துக்கொண்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு முந்தாநாள் சாயங்காலம் அதே கடைக்குப் போனேன்.

அங்கே கடைக்காரர் வேறொருவருக்கு அதே கவரை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத் தையலை இரண்டு விரலால் பட்டென்று பிரித்துக் காட்டி, வண்டி மோதினா சீட்டுக்குள்ள இருக்கிற ஏர்பேக் இந்த வழியாத்தான் வெளியே வரணும் சார், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள இந்த நூல் தெறிக்கணும், அதுக்குத்தான் இதுக்குன்னே வலுவில்லாத நூல் என்றார். சீட்டின் பக்கத்தில் ஏதோ எழுத்துப் போட்ட சின்னத் துணிச்சீட்டு இருக்குது, கவரில் அதுக்கு ஓட்டை இருக்குமா என்று நீ ஒருமுறை கேட்டதும், துணிச்சீட்டு எல்லாம் மறைஞ்சா என்ன என்று நான் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது, உள்ளே ஏர்பேக் இருக்கிறது என்று சொல்லத்தான் அந்த எழுத்து. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, நீங்கதானே அந்தத் தையல்காரம்மா, அதுல கை வெக்கலியே என்று கேட்டார். இல்லையே, வெக்கலை என்றேன். பட்டன் அக்கா என் முகத்தைப் பார்க்கிறாள், அவளுக்கு எல்லாம் தெரியும், மூன்று வரிசை போட்டதை அவளிடம்தானே அளந்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், முதல்ல பொண்ணுக்குப் போன் பண்ணு என்று மட்டும் சொன்னாள். அப்படிப் போன் பண்ணித்தான் உன்னிடம் கோணல் என்று கதை விட்டேன். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெற்ற மகள் உயிரைவிட எனக்கு என் தையல் பெரிதாகப் போய்விட்டது, அதுதான் உண்மை.

இதுவரை எழுதிவிட்டு, இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாலு நாள் ஆகுமே, அந்த நாலு நாளும் நீ அதே சீட்டில் உட்கார்ந்து அந்த வளைவுகளில் ஓட்டிக்கொண்டுதானே இருப்பாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் இது தோன்றவில்லை பார், எனக்கு வந்தது என்ன புத்தியோ. பேனாவைப் போட்டுவிட்டு உனக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மாப்பிள்ளைக்குப் போட்டேன். அவ கிளம்பி அரை மணி நேரம் ஆச்சே அத்தை, மேலே நல்ல மூடுபனி, மெதுவாத்தான் போவா என்றார். அவரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நல்ல மனிதர், ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, வழியில முதல் சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணி அவளை அங்கேயே நிறுத்தச் சொல்றேன், நீங்க பதறாதீங்க என்றார். அதற்கப்புறம் நீ கூப்பிடும்வரை ஒரு மணி பத்து நிமிஷம். வாளி நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது, எழுந்து போய் ஊற்றவில்லை. உன் முதுகுக்கும் கதவுக்கும் நடுவில் என் நைலான் நூல் நிற்பதுதான் கண்ணில் நின்றது.

நீ பேசியது உனக்கே தெரியும், ஆனாலும் என் காதில் எப்படி விழுந்தது என்று எழுதுகிறேன். அம்மா, நான் சேர்ந்துட்டேன் என்று நீ முதலில் சொன்னதே போதும், அப்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நர்ஸம்மா கத்திரிக்கோலை விட்டுப் பார்த்தாங்க உள்ளேயே போகலை, காவலாளி கத்தி கொண்டுவந்து அறுத்துப் பார்த்தார், கத்தி முனை உடைஞ்சதுதான் மிச்சம், யாரும்மா இதைத் தெச்சதுன்னு எல்லாரும் கேட்கறாங்க என்று சிரித்தாய். கடைசியில் கவரையே அடியில் கொக்கி கழற்றி உருவி டிக்கியில் போட்டுவிட்டு, பஞ்சு தெரிகிற சீட்டிலேயே ஓட்டப் போகிறேன் என்றாய். ஆயுசு முழுக்க யாராவது என் தையலைப் பற்றி இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று ஆசைப்பட்டவள் நான், அதைக் கேட்டு வாய்விட்டு அழுதேன். அப்புறம் நீ கோபமாக, இதைக் கடைக்காரர் சொல்ல வேண்டாமா, அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்றபோதுதான் சொன்னேன், அவர் சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று. நீ டிக்கியை மூடும் சத்தம் கேட்டது. அப்புறம், சரிம்மா, மாதிரி கெட்டுடும், நான் கிளம்பறேன் என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிம்மாவில் கோபம் எவ்வளவு, மன்னிப்பு எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் அது நியாயம்தான்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் அப்பா, குழாய்க்காரரோடு நிற்கிறார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். யானைக் கதையைச் சொல்லிக் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் தரையைத் துடைத்தார், குழாய்க்காரரை அனுப்பிவிட்டு வந்து என் மிஷின் டிராயரைத் திறந்து நூல் பிரிக்கிற ஊசியை எடுத்து இந்தக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதைத்தான் இதோடு அனுப்புகிறேன், சிவப்புப் பிடி போட்டது, முனை கூர், வாண்டு கையில் கொடுத்துவிடாதே. மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய் மறுபக்கத்து நூலை இழு, சரசரவென்று வந்துவிடும். மூன்று வரிசையும் பிரிக்க வேண்டும், உள்பக்கத்துப் பட்டையையும் எடுக்க வேண்டும். பிரித்த இடத்தை ஒட்டுகிறேன், ஊக்கு குத்துகிறேன் என்று எதுவும் செய்யாதே. நாளைச் சாயங்காலம் நான் அந்தக் கடைக்குப் போய், கை வைத்தேன் என்று அவரிடம் சொல்லப் போகிறேன். பட்டன் அக்காவும் வருகிறாள். திரும்ப மாட்டலாமா, வேறு வாங்க வேண்டுமா என்று அவர் சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொண்டு கேட்டு உனக்குச் சொல்கிறேன். அதுவரை பஞ்சுக்கு மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு உட்கார், அது சீட்டின் பக்கவாட்டை மூடக்கூடாது. மூடுபனியில் வேகம் வேண்டாம், காலையில் சாப்பிடாமல் கிளம்பாதே. மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஒன்றை மறக்காதே. கம்பெனியில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள், ஒரு துண்டு குறைந்தால்கூட, அது துணிக்குள் இருந்து போட்டுக்கொள்கிறவரைக் குத்தும் என்று மிஷினை ஓட்ட விட மாட்டார்கள். சின்ன வயதில் என்னோடு வந்தால் அந்த நோட்டைத்தான் நீ புரட்டிக்கொண்டிருப்பாய். அதேபோல் நீ பிரித்த நூலைக் குப்பையில் போடாதே. இரண்டு சீட்டு, சீட்டுக்கு மூன்று வரிசை, ஒரு இழை விடாமல் ஒரு தபால் உறையில் போட்டு எனக்கு அனுப்பிவை. நான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உன் கோபத்துக்குக் காத்திருக்கும்,
அம்மா