கடிகாரத்துக்குள் ஒரு காது

1994 செப்டம்பர் 6, செவ்வாய். கோஸ்போர்ட்

பெர்லினிலிருந்து இன்று ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஷூ. ஒரே ஒரு ஷூ, இடது கால். குதிகாலைத் திருகினால் திறந்துகொள்கிறது. உள்ளே சின்னப் பொந்து. ஒற்றர்கள் அதில் ஃபிலிமை வைத்து எல்லை தாண்டுவார்களாம். வலது கால் எங்கே என்று கேட்டேன்.

"அதுல ஒண்ணும் இருக்காது தெல்மா. அது சாதா ஷூ" என்றார் கிளிஃப், குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல.

எங்கள் திருமண நாளுக்கு வாங்கிய பூங்கொத்தைவிட இது விலை அதிகம். பூங்கொத்து வாங்கவே இல்லை என்பதால் ஒப்பிடுவது சுலபம்.

டாக்டரிடம் போய் வந்ததை அவரிடம் சொல்லவில்லை. இடது மார்பில் கட்டி. துறைமுகத்துக்கு அக்கரையில், போர்ட்ஸ்மவுத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறார்கள். தேதி வரும்.

செப்டம்பர் 9, வெள்ளி

தூசி தட்டும் நாள். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் எனக்குப் பாதி நாள் போய்விடும்.

என் கணவர் கடற்படையில் முழுதாக இருபத்திரண்டு வருடம் உழைத்தவர். ஸ்டோரில் கம்பளி எண்ணினார். எதிரியை நேரில் பார்த்ததில்லை. கரப்பான்பூச்சியைப் பார்த்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு உளவு நாவல்களாகப் படித்துத் தள்ளினார். படித்தது போதாமல் வாங்கத் தொடங்கினார். பெர்லின் சுவர் விழுந்ததும் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் தங்கள் ரகசியங்களை எல்லாம் தட்டுமுட்டுச் சாமான் விலைக்கு விற்கிறார்கள். அவை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. லைட்டருக்குள் கேமரா, உள்ளே குடைந்த நாணயம், பட்டுத்துணியில் அச்சடித்த தப்பியோடும் வரைபடம். கூடவே பழைய கடற்படைப் பாசத்தில் ஒரு கப்பல் மணி, ஒரு சைகை விளக்கு, நீர்மூழ்கிக் கப்பலில் இருந்த பித்தளைக் கடிகாரம். சாப்பாட்டு மேசை போர்க்களம் ஆகிவிட்டதால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். அந்த லைட்டர் கேமரா இதுவரை படம் பிடித்த ஒரே ரகசிய ஆவணம் எங்கள் கரண்ட் பில்.

இதெல்லாம் எழுதி என்ன பயன்? எழுத வேண்டியது வேறு.

ஏன் அவரிடம் சொல்லவில்லை? என் தங்கை ஈனிட் இதே நோயில் கிடந்தபோது கிளிஃப் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். கார் நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை. சவ அடக்கத்துக்கு வந்தார், நல்ல கோட் போட்டுக்கொண்டு. எனக்கும் அப்படித்தான் என்றால்? சொல்லாமல் விட்டால், சொல்லியிருந்தால் வந்திருப்பார் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 14, புதன்

என் சிநேகிதி ரோனா தேநீருக்கு வந்தாள். கிளிஃப் தோட்டத்துக் கொட்டகையில் இருந்ததால் முன்னறையில் உட்கார்ந்து மனம்விட்டு அவரைத் திட்டினோம். ஈஸ்டரிலிருந்து நடையில் பல்பு எரியவில்லை. காலையில் ஒரு கப் டீ படுக்கைக்கு வந்து எத்தனை யுகம் ஆயிற்று. முடி வெட்டிக்கொண்டு வந்தால் அந்த மனிதருக்குக் கண் தெரிவதில்லை.

"என் வீட்டுக்காரன் மட்டும் என்ன? செத்தப்புறந்தான் அவன் நல்லவன் ஆனான்" என்றாள் ரோனா.

கட்டியைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அடுத்த படகு அக்கரை சேரும் முன்பே போர்ட்ஸ்மவுத் முழுக்கத் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 17, சனி

நடையில் பல்பு எரிகிறது.

செப்டம்பர் 20, செவ்வாய்

படுக்கைக்கு டீ வந்தது. தட்டில் இரண்டு பிஸ்கட் வேறு. "உன் முடி நல்லா இருக்கு" என்றார். முடி வெட்டி மூன்று வாரம் ஆகிறது.

ரோனாவுக்கு போன் செய்தேன். "வேற பொம்பளை" என்றாள் உடனே. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பதக்கம் விற்கும் பிலிப்பாவாம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இவருக்கு வேறு பெண்ணா? மாடிப்படி ஏறவே பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறார்.

சிரித்துவிட்டேன். ஆனால் பிலிப்பாவுக்கு நல்ல பல் என்பதும் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 23, வெள்ளி

பிலிப்பா இல்லை. பிலிப்பாவாக இருந்திருந்தால் தேவலை.

கணப்படுப்பின் மேல்தட்டில் இருந்த நீர்மூழ்கிக் கடிகாரத்தைத் துடைக்க எடுத்தேன். பின்மூடி சரியாக மூடவில்லை. உள்ளே, பல்சக்கரத்துக்குப் பக்கத்தில், டேப் ஒட்டி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதிலிருந்து மீசைபோல ஒரு கம்பி. அவர் கடைக்குக் கிளம்பியதும் கொட்டகைக்குப் போனேன். ரேடியோ, ஹெட்போன், மெத்தை போட்ட நாற்காலி, டீ குடித்த கோப்பை. முன்னறையை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறார் இந்த மனுஷன்! நானும் ரோனாவும் பேசினதை எல்லாம் — அடப்பாவி, கட்டின பெண்டாட்டியையா வேவு பார்ப்ப? என்ன மனுஷன்யா நீ?

பிறகு எழுதுகிறேன்.

மாலை: கொஞ்சம் ஆறிவிட்டது. ஒரு சந்தேகம். இத்தனை உளவு நாவல் படித்தவர், ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்துவைக்க இந்த வீட்டில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்? நான் வாராவாரம் துடைக்கும் இடத்தை. அங்கே தூசி தானாகவே காணாமல் போகிறது என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். எதிரி நாட்டை விடுங்கள், எதிர்வீட்டைக்கூட இவரால் உளவு பார்க்க முடியாது.

செப்டம்பர் 24, சனி

கத்துவதாகத்தான் இருந்தேன். காலையில் டீ வந்துவிட்டது. குடித்துவிட்டுக் கத்தலாம் என்றால் சூடு ஆறிப்போயிற்று, டீக்கும் எனக்கும்.

அவர் கொட்டகைக்குள் போனதும் முன்னறையில் தனியாக உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்க்காமல், உரக்கச் சொன்னேன்: "என்ன பண்றது ரோனா, கூரையோரத் தாழ்வாரக் குழாயில செடியே முளைச்சிடுச்சு. நான்தான் ஏணி ஏறணும்போல."

ரோனா அப்போது தன் வீட்டில் இருந்தாள்.

செப்டம்பர் 27, செவ்வாய்

தாழ்வாரக் குழாய் சுத்தம். கிழக்கு ஜெர்மனி அரசு தன் குடிமக்களை வேவு பார்க்கத் தயாரித்த கருவி, கோஸ்போர்ட்டில் ஒரு குடும்பத்தை நடத்துகிறது. முப்பத்தெட்டு வருடம் நான் நேரில் சொன்னது எதுவும் அந்தக் காதில் ஏறவில்லை. ரேடியோ வழியாக வந்தால் வேதவாக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்தது. அடுத்த வியாழன், காலை ஒன்பதரை. சமையலறைக் காலண்டரில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டேன்.

அக்டோபர் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அவரிடம் இல்லை, கடிகாரத்திடம்.

மதியம் அவர் கொட்டகைக்குள் போகும்வரை காத்திருந்தேன். இந்தத் தடவை ரோனாவைத் துணைக்கு அழைக்கவில்லை. "கிளிஃப்" என்றே ஆரம்பித்தேன். கட்டியைச் சொன்னேன். வியாழக்கிழமையைச் சொன்னேன். ஈனிட்டுக்கு வராததுபோல எனக்கும் வராமல் இருந்துவிடாதே, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். ஒரு பித்தளைக் கடிகாரத்தின் முன்னால் அழுத கிழவி இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐந்து மணிக்கு உள்ளே வந்தார். மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம் எடு" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 5, புதன்

காலையில் எங்கோ போனார், மதியம் வந்தார், கப்பல் மணியைப் பாலிஷ் போட்டார். ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, கற்சிலைபோல உட்கார்ந்து மணியைத் தேய்க்கிறார்.

சரி. தெரிந்துவிட்டது. இதற்குத்தான் பயந்தேன்.

அக்டோபர் 6, வியாழன்

எழுந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. காரும் இல்லை. டீயும் இல்லை. ஓடியே போய்விட்டார் என்று நினைத்தேன். அழக்கூட வரவில்லை. நல்ல உள்பாவாடையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு படகேறி, பிறகு பஸ் பிடித்தேன்.

மார்பகப் பரிசோதனைப் பிரிவில் பெண்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் விரித்த செய்தித்தாள் ஒன்று. கீழே மழைக்கோட்டு, அதற்கும் கீழே எனக்குத் தெரிந்த பழுப்பு ஷூ. பக்கத்து நாற்காலியில் ஒரு ஃபிளாஸ்க்.

செய்தித்தாள் இறங்கியது.

"இந்தப் பக்கமா வந்தேன்" என்றார்.

"மார்பகப் பிரிவுக்கா?"

"ம்." ஃபிளாஸ்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உக்காரு. இந்த சீட்டுக்காக ரெண்டு பேரோட சண்டை போட்டாச்சு."

எதிரே இருந்த நர்ஸ் சிரித்தாள். "ஆஸ்பத்திரி திறந்ததுலேருந்து இங்கதான் இருக்காரு. நேத்தும் வந்து, ரூம் எங்கன்னு கேட்டுப் பார்த்துட்டுப் போனாரு."

உள்ளே கூப்பிட்டபோது அவரும் எழுந்தார். முகம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. ஆனாலும் வந்தார். ஊசி குத்தியபோது என் கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அந்த மனிதரை அப்போதே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மேலே துணி இல்லாததால் செய்யவில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

ஈனிட்டுக்கு வந்த அதே புற்றுநோய்தான். சின்னது, சீக்கிரம் கண்டுபிடித்தாயிற்று என்றார் டாக்டர். வெட்டி எடுக்க வேண்டும். இருபத்து நாலாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "கிளிஃப், கடிகாரத்துல இருக்கறது எனக்குத் தெரியும். போன வாரம் செவ்வாக்கிழமை நான் பேசினதைக் கேட்டுட்டு ஏன் வாயே திறக்கல?"

அவர் முகம் சிவந்தது. போய்க் கடிகாரத்தை எடுத்துவந்தார். கறுப்புப் பெட்டியைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"எந்தச் செவ்வாக்கிழமை? இது அதுக்கு முந்தின சனிக்கிழமையே செத்துப்போச்சு. இதுக்கு பேட்டரி இப்ப யாரும் செய்யறதில்ல. நீ என்ன பேசின?"

பெட்டியை மேசைமேல் வைத்தேன். பிறகு, எப்படித்தான் தெரிந்தது என்று கேட்டேன்.

"காலண்டர்ல பெருக்கல் குறி போட்ட. படகு டைம்டேபிளை எடுத்து ஹேண்ட்பேக்ல வச்ச. இடது பக்கம் படுக்கறதை விட்டுட்ட." கடிகாரத்தின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்காமல். "அதோட அப்பவே பத்து நாளா நீ என்னைத் திட்டவே இல்ல தெல்மா. ஈனிட்டும் கடைசியில அப்படித்தான் யாரையும் திட்டாம இருந்தா. உள்ள வந்து பார்க்க எனக்கு அன்னிக்கு தைரியம் இல்ல. கார்ல உக்காந்து அழுதுட்டு இருந்தேன்."

சொன்னது அவ்வளவுதான். நான் என்ன பேசினேன் என்று மறுபடி கேட்டார். உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் நேரிலேயே சொன்னேன்.

அக்டோபர் 24, திங்கள்

இன்று சேர வேண்டும். எட்டரைக்குக் கிளம்பினால் போதும். ஏழு மணிக்கே காரைத் திருப்பி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உறுமுகிறார்: கம்பளிச் சட்டையை வெளியே வைத்துவிட்டேனாம், பல்துலக்கியை மறந்துவிட்டேனாம், இந்த நேரத்தில் உட்கார்ந்து என்ன எழுத்து வேண்டிக்கிடக்கிறதாம். போகிறேன். பாவம், பயத்தில் இருக்கிறார்.