இடிக்காமல் விட்ட வீடு

பொத்தோக்,
திராட்சை அறுவடை முடிந்த வாரம்

அன்பு மகள் ஒலிவேராவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டி லெனாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இந்த வீட்டில் என் பேச்சை யார்தான் கேட்டார்கள், அது கேட்பதற்கு.

நீ சொன்னபடி, பழைய வீட்டை இடிக்க ஆள் பார்க்கத்தான் ஊருக்கு வந்தேன். இடிக்கவில்லை. திட்டுவதற்கு முன்னால் கடிதத்தை முழுதாகப் படித்துவிடு. போனில் நான் 'பொத்தோக்' என்று ஆரம்பித்தாலே நீ வியன்னாவில் மழை என்கிறாய். ஜூலை மாதத்திலும் உனக்கு மழைதான். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் பொக்லைன்காரன் செடோமிரின் கதையைச் சொல்கிறேன். வாசல்வரை வந்தவன் வீட்டைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டான். "இந்த வீடா மாமா? முன்னாடியே சொல்றதில்லையா?" என்று சிலுவை போட்டுக்கொண்டான். "சுவரை இடிச்சா உள்ள இருக்கற பெரியவர் எங்க போவாரு? என் வண்டியில ஏறிக்கிட்டாருன்னா?" என்றான். பயப்படாதே, என் அப்பாவுக்குப் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும், உன் வண்டி பக்கமே வரமாட்டார் என்றேன். அவன் சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்பிய வேகத்தில் பக்கத்து வேலியையும் சேர்த்துச் சாய்த்துவிட்டுப் போனான். அந்த வேலியை இப்போது நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாசல் நிலையில் பேய் விரட்ட யாரோ தொங்கவிட்ட பூண்டுச்சரம் காய்ந்து காகிதமாகிக் கிடந்தது. உன் தாத்தாவின் கல்லறைக்குப் போய், அவர் எழுந்து வராமல் இருக்க ஊரார் அறைந்த முள்மரக் கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது தோட்டத்தில் ஒரு கழி நட்டுக்கொடுக்க இந்த ஊரில் ஒருத்தனும் வந்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இருட்ட ஆரம்பித்ததும் மச்சில் காலடிச் சத்தம் கேட்டது. குடுகுடுவென்று ஓடும், நிற்கும், எதையோ உருட்டும். உன் அப்பா வீராதிவீரன் என்ன செய்தான் தெரியுமா? காருக்குள் போய்ப் படுத்து, நாலு கதவையும் பூட்டிக்கொண்டான். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் ஏணி போட்டு மச்சில் ஏறினேன். மர எலிகள்! அணில் வால் வைத்த அந்தச் சாம்பல் நிறக் குண்டு ஜீவன்கள், குடும்பம் குடும்பமாக. மச்சு முழுக்க அக்ரூட் ஓடு. அதில் ஒன்று என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. நான் சவரம் செய்து நாளாகியிருந்தது, அதன்மேல் தப்பில்லை.

இதை முதலில் தெருக்கோடி ஸ்தமெங்காவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்கு வெறி. அவள் பெயரைப் படித்ததும் உன் முகம் எப்படி மாறும் என்று தெரியும். தாத்தாவின் உடலருகே உன்னைக் காவல் உட்காரவைத்துவிட்டு நாங்கள் சவப்பெட்டிக்குப் போயிருந்த அந்த மத்தியானம், நீ முக்காலியில் கண்ணயர்ந்ததையும் பூனை அவர்மேல் தாண்டியதையும் பார்த்து, "பூனை தாண்டிடுச்சு, கிழவன் இனி மண்ணுல படுக்கமாட்டான்" என்று மூன்று ஊருக்குக் கேட்கக் கத்தியவள் அவள்தானே. தாத்தாவின் நாற்பதாம் நாளுக்குள், வயிற்றுவலி என்று படுத்த உன் அம்மா கோர்தானாவும் போனதும், கிழவன் வந்து மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று ஊரே பேசியதற்கு வித்து அவள் போட்டதுதான்.

அவள் முற்றத்தில் சிவப்பு மிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்க பேயைப் பிடிச்சுட்டேன். வால் இருக்கு, அக்ரூட் தின்னுது" என்றேன்.

"பெரிய கரடி வேட்டை ஆடிட்டு வந்துட்டான்! எங்க மச்சுலயும்தான் ஓடுது மர எலி. எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "சரிடா ராடோயே, மர எலியா கோர்தானாவைக் கொண்டுபோச்சுன்னு ஊர் கேக்கும். அதுக்கு என்ன சொல்லுவ?" என்றாள்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை என்னிடம் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவர்மேல் கோபப்படாதே, கவலையில்தான் சொன்னார். லெனா தூங்கும்போதெல்லாம் நீ தூங்குவதில்லை, தொட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறாய், உன் முகம் சுண்டிப்போய்விட்டது என்றார்.

ஸ்தமெங்காவின் கை நின்றது. "அந்தப் பொண்ணு இன்னுமா அதைத் தூக்கிக்கிட்டு அலையுது?" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"உன் பொண்டாட்டிக்கு எல்லாம் தெரியும்டா. உங்கப்பா சாகறதுக்கு முன்னாடியே, அந்தக் கோடையிலயே தெரியும். போர்வை வாங்கப் போறோம்னு உன்கிட்ட சொல்லிட்டு நீஷ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான்தான் கூடப் போனேன். வயித்துக்குள்ள முத்திப்போச்சு, இலை உதிர்றவரைக்கும் தாங்கினாலே அதிகம்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. ஒலிவேரா பரீட்சை எழுதட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதேன்னா. ராடோயேகிட்டயாவது சொல்லேன்டின்னேன். அவன் வாய் சல்லடை, சாயங்காலத்துக்குள்ள சாராயக்கடைக்கே தெரிஞ்சிரும்னா. புனிதர் படத்து மேல கையை வெச்சு சத்தியம் வாங்கிட்டா."

ஊர் பேயைப் பற்றிப் பேசியபோது நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"பேய்னு சொன்னா யாரும் மேற்கொண்டு கேக்கறதில்ல. சத்தியம் காப்பாத்த எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. அப்புறம் நீங்க வீட்டைப் பூட்டிக்கிட்டு டவுனுக்குப் போயிட்டீங்க. பூனை தாண்டினது நிஜம், நான் பாத்தேன். ஆனா கோர்தானாவைக் கொண்டுபோனது பூனை இல்ல, உங்கப்பாவும் இல்ல. சின்னப் பொண்ணு காதுல இது விழுந்து உள்ளயே தங்கிடும்னு நான் நினைக்கல ராடோயே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்ப் புகை என்றாள். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

நான் எழுந்து வந்துவிட்டேன். என்னைத் தேற்றுவதற்காகக் கட்டிய கதையோ என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்குள் வந்து அடுப்படியில் நின்றபோதுதான் அந்தக் கோடை ஞாபகத்துக்கு வந்தது. உன் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி அவரைக்காய்ச் சூப் வைக்கச் சொல்லித்தந்தது அப்போதுதான். சட்டைக்கு இஸ்திரி போட, துணி ஊறவைக்க, எல்லாமே அப்போதுதான். உன்னை உட்காரவைத்து உன் தலையில் எனக்குப் பின்னல் போடப் பழக்கினாள், நீ அலறினாய். பெண்டாட்டி என்னைப் பொம்பளையாக்கிவிட்டாள் என்று நான் கடையில் உட்கார்ந்து ஜோக்கடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என்மேல் சலித்துப்போய்விட்டாள், வேலையைத் தலையில் கட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தாள், ஒலிவேரா. அவள் போன பிறகு பள்ளிக்கு உனக்குப் பின்னல் போட்டது நான்தான். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். இந்த முட்டாள் எங்கே கற்றுக்கொண்டான் என்று நீயும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உன் அம்மாவின் படத்தைப் பார்த்து, சல்லடையா நான் என்று சத்தம் போட்டேன். அவள் எப்போதும்போலச் சும்மா இருந்தாள். இரண்டு நாளாக வேலி வேலையும் ஓடவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. உனக்கு எழுதவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நன்றாகக் கேட்டுக்கொள். இரண்டு நாள் பெரியவர்களோடு கண்விழித்து வேலை செய்த ஒரு சிறுமி மத்தியானத்தில் கண்ணயர்ந்தாள். ஒரு பூனை ஒரு கிழவரைத் தாண்டிப் போனது. அந்த வீட்டில் அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். வேறு எதுவும் உன்னால் நடக்கவில்லை.

புனித திமித்ரி நாள் வருகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு நம் குடும்ப விழாவை இந்த வீட்டிலேயே கும்பிடப்போகிறேன். ஸ்தமெங்கா மிளகாய்த் துவையல் ஒரு பாட்டில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்காமல் நின்றாள். வரச் சொன்னேன். அவளே முதலில் ஊராரிடம் உண்மையைச் சொல்வாள். சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

குடும்ப விழாவுக்கு யாரையும் அழைப்பது நம் வழக்கமில்லை. வேண்டியவர்கள் தாங்களாக வருவார்கள், வராதவர்களை ஏன் என்று கேட்பதுமில்லை. இந்த ஒரு தடவை வழக்கத்தை மீறுகிறேன். உன்னை அழைக்கிறேன் ஒலிவேரா. விழா ரொட்டியைத் தனி ஆளாகப் பிடித்துச் சுற்ற முடியாது, குடும்பத்துக் கைகள் வேண்டும். லெனாவின் கையையும் அதில் வைக்கலாம்.

மேற்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். கடவுள் உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும். நீ வா. வந்து படுத்து நன்றாகத் தூங்கு. குழந்தையின் பக்கத்தில் நான் விழித்திருக்கிறேன்.

உன் அப்பா,
ராடோயே