எதிராளிக்கும் ஓர் ஆரஞ்சு

டொராண்டோ
12.1.1974

அன்புள்ள மச்சான் கோதண்டத்துக்கு, அத்தான் தட்சிணாமூர்த்தி எழுதிக்கொண்டது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர்காலம் பூராவும் உன் அக்காவின் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் போகிறேன். என் கோட்டுக்கு ஒரு கேடும் இல்லை, ஆணியில் தொங்குகிறது. நவம்பரில் ஆஸ்பத்திரியில் அவள் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். கோட்டு பைக்குள் அடங்கவில்லை. மேலே மாட்டிக்கொண்டு வந்தேன். மறுநாளும் கை அதற்குத்தான் போயிற்று. பெண்கள் கோட்டில் பொத்தான் இடம் மாறி இருக்கிறது, இப்போது பழகிவிட்டது. மணிக்கட்டு இரண்டும் வெளியே நிற்கிறது. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. உன் தொப்பைக்கு இது ஒரு பக்கம்கூட மூடாது.

வனஜா உன் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். பனி எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். துருவின தேங்காய் மாதிரி இருக்கும், வாயில் போட்டால் ஏமாற்றம் என்று சொல். போட்டோவில் அத்தை போட்டிருக்கிற கோட்டு என்ன நிறம் என்றும் கேட்டிருக்கிறாள். சிவப்பு. பீட்ரூட்டை வேகவைத்து இறுத்த தண்ணீரின் சிவப்பு. குழந்தைக்கு அப்படியே சொல், உன் பாத்திரக்கடைப் பித்தளையோடு ஒப்பிட்டுக் குழப்பாதே.

ஊரோடு வந்துவிடுங்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறாய். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இங்கே ஒரு சேதி. நான் சமைக்கிற ஹார்ட்னெட் ஓட்டலை இடிக்கப் போகிறார்கள். ஓட்டல் என்றால் நம்மூர் இட்லிக் கடை இல்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். கீழே பீர், மேலே நாலு அறை. கள்ளுக்கடையை மூடினார்கள் என்று தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் போட்டவன் நீ, உனக்கு இது நல்ல சேதியாக இருக்கும். ஆனால் நெய்வேலியில் நான் சமைத்துப்போட்ட வெள்ளைக்காரத் துரை எங்களைச் சமையலுக்கு இங்கே கூட்டிவந்து, ஒரு வருஷத்தில் வேறு தேசத்துக்குப் போய்விட்டபோது, இந்தக் கடைக்காரி நோரா ஹார்ட்னெட்தான் மாடியில் ஓர் அறையும் கீழே அடுப்பும் கொடுத்தாள். அன்றிலிருந்து நானும் உன் அக்காவும் அந்த அறையில்தான். இப்போது நான். எதையும் நகர்த்தவில்லை. அவள் சீப்பு ஜன்னலில் இருக்கிறது, ஊறுகாய் பாட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நகர்த்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கட்டிடம் நோராவுடையது இல்லை, வாடகை. சொந்தக்காரன் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டான். அவர்கள் இருபது மாடி கட்டப் போகிறார்களாம்.

இந்தத் தேசத்துப் பீர்க்கடைக்கு ஒரு சட்டம் உண்டு, உன் மாதிரி ஆள்தான் போட்டிருக்க வேண்டும். குடிக்கிறவன் தன் கிளாசைத் தானே எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போகக்கூடாது. பரிமாறுகிறவன் வந்து எடுத்துப்போய் வைக்க வேண்டும். உன் அக்கா வந்த புதிதில் இதைப் பார்த்து, இலை போட்ட இடத்தை விட்டு எழுந்தால் அடிக்கிற சமையல்காரர் இங்கேயும் உண்டா என்று கேட்டாள்.

கடையைக் காப்பாற்ற ஒரு கமிட்டி போட்டிருக்கிறோம். நோரா தலைவி. மோகனசுந்தரம் என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வங்கியில் வேலை, சாயங்காலம் என் கறிக்காக வருகிறவன், அவன் எழுத்து வேலை பார்க்கிறான். நான் கமிட்டிக்குச் சமைக்கிறேன். நகரசபையில் பிப்ரவரியில் விசாரணை. ஜனங்கள் திரண்டு வந்தால் இடிக்க அனுமதி தர யோசிப்பார்களாம். துண்டுக் காகிதம் அச்சடித்துக் கதவுக்குக் கீழே தள்ளி, ஒரு கூட்டம் போட்டார்கள். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கக்கூசுக்கு வந்தவர்.

கதவுக்கு அடியில் தள்ளினால் எவன் வருவான் மச்சான்? நேரில் போய், தட்டு நீட்டி, நீங்கள் வராமல் நடக்காது என்று சொன்னால்தானே வருவார்கள். அதைச் சொன்னேன். சரி நீயே செய் என்று நோரா சொல்லிவிட்டாள்.

உன் மனைவிக்கு என் ஆசி. அவள் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிடு.

இப்படிக்கு,
தட்சிணாமூர்த்தி


டொராண்டோ
27.2.1974

அன்புள்ள கோதண்டம்,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். உடம்பு இருக்கிறது.

அழைக்கப் போன கதையைக் கேள். பீர் எடுத்துப் போகிற தகரத் தட்டைத் துலக்கி, அதில் ஆரஞ்சும் சர்க்கரைக் கட்டியும் அடுக்கினேன். வெற்றிலைக்கு எங்கே போவது. தனி ஆளாகப் போனால் நன்றாக இராது என்று நோராவையும் கூட்டிக்கொண்டேன். அவளுக்கும் புருஷன் இல்லை. நம்மூர்க் கணக்கில் நாங்கள் இரண்டு பேருமே எந்த நல்ல காரியத்துக்கும் படியேறி அழைக்கக்கூடாதவர்கள். இந்த ஊருக்கு அது தெரியாதது வசதியாகப் போயிற்று. என் சிவப்புக் கோட்டையும் அவள் கரடித் தொப்பியையும் பார்த்துவிட்டு, எப்போது கல்யாணம் என்று ஒரு கிழவர் கேட்டார். நோரா அவர் கையிலிருந்து ஆரஞ்சைப் பிடுங்கிக்கொண்டு பதில் சொன்னாள்.

வீடு வீடாக ஏறினோம். குடும்பத்தோடு வரவேண்டும், முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று வாய்க்குப் பழகினபடி சொன்னேன். அதை நம்பி ஒரு போர்த்துக்கீசுக்காரி முதல் நாளே நகரசபைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு தப்பு நடந்தது. தப்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எங்கள் கல்யாணத்தின்போது உன் பெரியப்பாவோடு உங்களுக்கு வரப்பு வழக்கு நடந்துகொண்டிருந்ததே. வழக்கு கோர்ட்டில் இருக்கட்டும், பத்திரிகை வைக்காமல் விட முடியுமா என்று உன் அப்பா போய் வைக்கவில்லையா? அவரும் வந்து, மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போகவில்லையா? அந்த ஞாபகத்தில் நான் கம்பெனிக்கும் போனேன். நோராவிடம் சொல்லவில்லை, அன்றைக்கு அவளுக்குக் கால்வலி.

கம்பெனியில் விட்டேகர் என்று ஓர் ஆள், சின்ன வயது, நல்ல மரியாதை. உட்காரச் சொல்லி நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான். ஆரஞ்சை எடுத்துக்கொண்டான். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டான். சம்பந்தி வீட்டில் எத்தனை இலை என்று கேட்பது போலத்தான் எனக்குப் பட்டது. ஒரு நூறு இருக்கும் என்றேன். யார் பேசுவார்கள், என்ன பேசுவார்கள் என்று கேட்டான். மோகனசுந்தரம் பேசுவான், கட்டிடம் பழசு, உறுதி, இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்று சொல்வான் என்றேன். நீங்கள் அவசியம் வரவேண்டும் என்றும் சொன்னேன். அவசியம் வருகிறேன் என்றான். சொன்ன சொல் தவறாத பிள்ளை.

விசாரணை அன்று கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் கூப்பிட்ட வீடெல்லாம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வந்ததுபோல ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள், கேக்கு, ரொட்டி, மூடி போட்ட பாத்திரம். சபையில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி யாருக்குப் பிறந்த நாள் என்று கேட்டாள். விட்டேகரும் வந்தான். வக்கீலோடு வந்தான். ஓர் இன்ஜினீயரோடு வந்தான். மோகனசுந்தரம் உறுதி என்று பேசி உட்கார்ந்ததும் அந்த இன்ஜினீயர் எழுந்து, சமையற்கட்டுக்கு மேலே உத்திரம் உளுத்திருக்கிறது என்று போட்டோ காட்டினார். உளுத்திருப்பது உண்மைதான். எனக்கே தெரியும், நான்தான் அதற்குக் கீழே நிற்கிறவன். அட்டையில் செய்த கட்டிடம் ஒன்றையும் மேஜையில் வைத்தார்கள். சின்னச் சின்ன மரம், சின்னச் சின்ன மனுஷர்கள். எங்கள் மாடி அறை இருக்கிற உயரத்தில் அதில் கண்ணாடி இருந்தது. சபை அன்றைக்கே இடிக்க அனுமதி கொடுத்துவிட்டது.

கம்பெனி சார்பில் யாரும் வராதிருந்தால் ஆறு மாதம் தள்ளிவைத்திருப்பார்கள் என்று வெளியே வந்தபிறகு குமாஸ்தா ஒருவர் நோராவிடம் சொன்னார். யாரும் எதிர்க்கமாட்டார்கள் என்று நினைத்து அவர்கள் வருவதாகவே இல்லையாம். யாரோ நேரில் வந்து அழைத்தார்களாம்.

நான்தான் அழைத்தேன் என்று படியிலேயே நின்று சொல்லிவிட்டேன். மோகனசுந்தரத்துக்கு முகம் கறுத்துவிட்டது. உங்களுக்கென்ன விசரோ அண்ணை, எதிரியைப் போய் ஆரும் தட்டு வைச்சுக் கூப்பிடுவினமோ என்று கத்தினான். போர்த்துக்கீசுக்காரி ஒன்றும் புரியாமல் எனக்குக் கேக்கு கொடுத்தாள். நோரா தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, அந்த ஆரஞ்சையாவது அவன் தின்றானா என்று கேட்டாள். தின்றான், கொட்டையைக் காகிதத்தில் மடித்து வைத்தான் என்றேன். சரி, வா, உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும் என்றாள்.

உரித்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு சாக்கு உரித்திருக்கிறேன், கை வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை. நவம்பரிலிருந்தே அப்படித்தான், குளிர் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரலில் காலி செய்ய வேண்டும். வனஜாவின் பரீட்சை எப்படி? அவள் உன்னைப்போல் கணக்கில் புலியாகாமல், மனுஷியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தட்சிணாமூர்த்தி


டொராண்டோ
22.4.1974

அன்புள்ள மச்சான்,

பழைய விலாசத்துக்கு இனி எழுதாதே. புது விலாசம் உறையின் பின்னால் மோகனசுந்தரத்தின் கையெழுத்தில் இருக்கிறது. மோர்னிங்சைட் என்று கிழக்கே, அவனுடைய வீட்டில் ஓர் அறை. விசாரணைக்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் கறி மட்டும் தின்றான். பிறகு ஒருநாள் தட்டைக் கழுவ வந்து நின்று, எங்கட அம்மா எண்டாலும் இதைத்தான் செய்திருப்பா அண்ணை என்றான். அறையைப் பற்றியும் அப்போதுதான் சொன்னான். நோரா பக்கத்து ஊரான பிக்கரிங்கில் தங்கை வீட்டுக்குப் போகிறாள். எனக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை. உப்பு போடக்கூடாத சமையல். உன் பெரியப்பா இருந்தால் நாள் முழுக்கப் பேச விஷயம் கிடைத்திருக்கும்.

போன சனிக்கிழமை மத்தியானம் கடை கடைசி. அழைக்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். நோரா ஒரு நாற்காலியில் ஏறி நின்று, இன்றைக்கு அவரவர் கிளாசை அவரவரே எடுத்துக்கொண்டு போகலாம், பிடித்தால் என்னைப் பிடிக்கட்டும் என்றாள். முதலில் யாரும் அசையவில்லை. இருபது வருஷம் ஒரே மேஜையில் இருந்தவர்கள், பாவம். பிறகு ஒரு கிழவர் எழுந்து, கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தாலித் தட்டு கொண்டுபோவது போல அடுத்த மேஜைக்குப் போனார். அவ்வளவுதான், கடை முழுக்க எழுந்துவிட்டது. சுவரோரத்து ஆள் ஜன்னலுக்கு வந்தான், ஜன்னல் ஆள் அடுப்படிக்கு வந்தான். பேர் தெரியாமல் இத்தனை காலம் பக்கத்துப் பக்கத்தில் குடித்தவர்கள் பேர் கேட்டுக்கொண்டார்கள். விட்டேகர்கூட வந்திருந்தான், வாசலோடு நின்றான். நோரா அவனை உள்ளே கூப்பிட்டு ஓர் ஆரஞ்சு கொடுத்தாள். அவன் அதைத் தின்னவில்லை, பையில் போட்டுக்கொண்டான்.

நானும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டு சந்துப்பக்கத்துக் கதவு வரைக்கும் போனேன். பீர்க்கடைக்குள் பெண்கள் வருவதற்கென்று சட்டப்படி வைத்த தனிக் கதவு அது. உன் அக்கா காய்கறி வாங்கிவிட்டு எப்போதும் அந்த வழியாகத்தான் வருவாள், முன்பக்கத்துக் கதவு திறந்தே இருந்தாலும். அங்கே கொஞ்சம் நின்றேன். கதவைத் திறந்துகொண்டு ஒருத்தர் வேகமாக வந்தார். கிளாசில் இருந்தது முழுக்கக் கோட்டில் கொட்டிவிட்டது. வந்தது பால்காரர்.

மாடி அறையை ஒழிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊறுகாயை நோரா கேட்டாள், கொடுத்துவிட்டேன். சீப்பு என்னோடு இருக்கிறது.

நீ போன கடிதத்திலும் வா என்று எழுதியிருக்கிறாய். நான் வரமாட்டேன் மச்சான். அங்கே வந்தால் ஒவ்வொருவருக்கும் அவள் இல்லாததைச் சொல்ல வேண்டும். இங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. ஆனால் நீ எழுதுவதை விட்டுவிடாதே. ஒவ்வொரு கடிதத்திலும் வா என்று எழுது. நான் ஒவ்வொரு தரமும் வரமாட்டேன் என்று எழுதுகிறேன். உனக்கு அதில் தபால்தலைதானே செலவு.

இன்னொரு விஷயம். பீர் நாற்றம் போகவில்லை என்று கோட்டைத் தெருமுனைச் சலவைக்கடைக்குக் கொண்டுபோனேன். காசு போட்டால் மிஷினே துவைக்கும். இதெல்லாம் அவள்தான் பார்ப்பாள், எனக்குப் பழக்கமில்லை. வெந்நீர், பச்சைத் தண்ணீர் என்று இரண்டு பொத்தான் இருந்தது. இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் எதற்கு என்று வெந்நீரை அமுக்கினேன். அப்புறம் உலர்த்துகிற மிஷின். எடுத்துப் பார்த்தால் கம்பளி சுருங்கிக் கோட்டு வனஜா அளவுக்கு ஆகியிருந்தது. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நிறம் போகவில்லை. அங்கே வெயில், எதற்கு என்று சொல்லி நீ அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதே. ஒரு தரமாவது போட்டுக்கொண்டு அவள் தெருவில் நடக்கட்டும். அத்தையின் ஆசியும் என் ஆசியும் அவளுக்கு.

இப்படிக்கு,
உன் அத்தான்
தட்சிணாமூர்த்தி

பி.கு. பொத்தான்கள் சுருங்கவில்லை. அதனால் துளைக்குள் நுழையாது.