முறையீட்டு முரசின் கட்டு

மழை தப்பாது பொழிக. மன்றம் கோணாது நிலைக்க. வடமலை அரண் காக்கப் படையோடு எழுந்தருளியிருக்கும் எம் கோமான், நெய்தலங்கோட்டு நாடுடையார் நெடுங்கோ ஆதனார் திருவடிக்கு, சட்டம் எழுதும் பதின்மருக்குத் தலைவனாகத் தாங்கள் அமர்த்திய எயினன் சாத்தன் வணங்கி விடுக்கும் ஓலை.

பாசறையின் நலம் கேட்க வேண்டியவன் என் துயரை முதலில் எழுதுகிறேன், பொறுத்தருள்க. என் தம்பி அழிசி இறந்தான். அவனைக் கொன்றது நம் சட்டம். அதை எழுதியது என் கை.

சென்ற மார்கழியில் மிளகு ஏற்ற வந்த யவன மாலுமி, தன் உரோமை நகரில் முற்காலத்தில் பத்து நடுவர் கூடிச் சட்டங்களைப் பலகைகளில் எழுதி, எவரும் படிக்க மன்றத்தில் நிறுத்தினர் என்று அவையில் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். எழுதி முடியும்வரை அவர்கள் தீர்ப்பின்மேல் முறையீடு இல்லை என்று வைத்தனராம். அவ்வளவில் காற்றுத் திரும்ப, கதையை முடிக்காமலே அவன் கலமேறினான். கேட்ட பாதியை நாம் முழுதென்று கொண்டு, பதின்மரை அமர்த்திப் பன்னிரு செப்பேடுகளில் நம் சட்டத்தை எழுதத் தொடங்கினோம்.

தண்டம் பெற்றவனின் சுற்றத்தார் மன்ற முரசை ஒருமுறை அறைந்தால், ஊரவை கூடி மறுபடி கேட்கும்வரை தண்டத்தை நிறுத்திவைப்பது என்பது நம் முன்னோர் வழக்கம். நாளும் முரசு ஒலித்தால் எழுத்து வேலை ஓடாது என்று வாதாடி இசைவு பெற்றவன் நானே. முரசின் தோலின்மேல் வைக்கோல் பரப்பி, என் மேலாடையால் இறுகக் கட்டினேன். அன்று பெருமையாக இருந்தது.

ஆடிப் பெருமழையில் பேரேரி தளும்பியபோது, ஏரிக் காவலனான அழிசி மதகை உடைத்து நீரை வயல்மேல் விட்டான். கரை நின்றது; கீழிருந்த நானூறு குடிகள் பிழைத்தனர். ஆனால் மதகை உடைத்தவன் உயிரிழப்பான் என்று ஏழாம் செப்பேட்டில் நான் பொறித்திருந்தேன். ஊரைக் காக்க உடைப்பவனும் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாளுக்கொருவராக நீதிக்கோல் ஏந்தும் பதின்மருள் அன்றைய முறை மூலங்கிழாருடையது. தங்கள் திருமுக ஓலை வரும்வரை ஏழு நாள் பொறுக்குமாறு அவர் காலில் விழுந்தேன். தலைவன் தம்பிக்காக முரசை அவிழ்த்தால், முரசைக் கட்டியபின் தண்டம் பெற்ற ஐவரின் சுற்றத்தார் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார். அழுதுகொண்டே கேட்டார். அந்த ஐவருக்காக நான் ஒரு நாளும் அழுததில்லை, கோமானே. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது என் மட்டில் மெய்யாயிற்று.

அழிசியின் மனைவி பூதி ஓடிவந்து இரு கையாலும் முரசை அறைந்தாள். வைக்கோல்தான் சலசலத்தது. நடுப்பகலில் தண்டம் நிறைவேறிற்று.

அதற்குப் பத்தொன்பதாம் நாள் அதே மாலுமி மீண்டும் வந்து கரையிறங்கினான். கதையின் மிச்சத்தைக் கேட்டேன். தட்டிக்கேட்பார் இல்லாத அதிகாரம் அந்நடுவரைக் கெடுத்தது என்றும், குடிகள் நகரைவிட்டே வெளியேறி அவர்களை இறக்கினர் என்றும், முறையீட்டு உரிமையை மீட்டபின்பே ஊர் திரும்பினர் என்றும் சொன்னான். இதை அன்றே ஏன் சொல்லவில்லை என்று அலறினேன். எவரும் கேட்கவில்லையே என்றான்.

மூலங்கிழார்மேல் பழியில்லை. பன்னிரண்டாம் செப்பேடு இன்னும் வெறுமையாக இருக்கிறது. முரசின் உரிமையை எக்காலத்தும் எவரும் நிறுத்தலாகாது என்று அதில் பொறிக்க அருள்க. பொறிக்கும் கை என்னுடையதாக வேண்டா.

இன்று காலை முரசின் கட்டை நானே அவிழ்த்தேன். முதலில் அறைய வருமாறு பூதிக்குச் சொல்லியனுப்பினேன். அவள் வரவில்லை. அறைய வேண்டியதை அன்றே அறைந்துவிட்டதாகச் சொல்லியனுப்பினாள்.

ஆதலின், தாங்கள் எனக்களித்த சங்கு முத்திரையால் கடைசியாக ஓர் ஆணை இடுகிறேன்; பிழையெனில் அதற்கும் தண்டிக்க. அன்று ஒலிக்காத அந்த அறையையே முறையீடாகக் கொண்டு நாளைக் காலை ஊரவை கூடுக. தண்டம் பெறுவோர் நிற்கும் கல்லின்மேல் எயினன் சாத்தன் நிற்க. முத்திரை இவ்வோலையோடு வருகிறது.