மச்சான் யாருக்குப் போடுவார்?

வில்லோ ஃபோர்க், அயோவா
அக்டோபர் 21

அன்புள்ள கர்டிஸுக்கு,

உன் மனைவி நேடீன் எழுதுவது. நான் நலம், பூனையும் நலம். ஓஹையோவில் நீயும் தானும் ஒரே காரில் எண்ணூறு மைல் சுற்றியதாக, உன்னோடு வேலை பார்க்கும் பிரின் உங்கள் இதழில் எழுதியிருந்தாள். நீ நலமென்று அதில் தெரிந்துகொண்டேன்.

இங்கே சோளம் அறுத்தாகிவிட்டது. ஹீட்டர் மறுபடி இருமுகிறது.

இடைக்காலத் தேர்தல் வந்தால் நீ வாஷிங்டன் போய், எந்தத் தொகுதி யார் பக்கம் என்று கணித்து எழுதுவாய். நம் தொகுதிக்கு மட்டும் என்னைக் கேட்பாய். பதினாறு வருடப் பழக்கம். இந்த முறை போன் வரவில்லை, இதழ்தான் வந்தது. நம் தொகுதி 'இழுபறி'யிலிருந்து 'வேட்பாளர் ஸ்டைவர்ஸ் பக்கம் சாய்வு' ஆகியிருந்தது. கீழே பிரின் பெயர். ஒருவரிடம் அவர் ஓட்டைக் கேட்கக்கூடாதாம், அவர் மச்சானின் ஓட்டைக் கேட்க வேண்டுமாம். அது அவளுடைய முறையாம்.

ஓட்டல் கவுண்டரில் காப்பி ஊற்றிக்கொண்டே நான் கண்டுபிடித்தது அது. தன் ஓட்டைப் பற்றி மனுஷன் பூசி மெழுகுவான்; மச்சானைப் பற்றிக் கேட்டால் எல்லாம் கொட்டிவிடுவான். பத்தாவது தாண்டாத எனக்கு இருந்த ஒரே வித்தை, உன்னிடம் மட்டும் சொன்னது. என் குளிர்கோட்டை அவளுக்குப் போர்த்தியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அவளுக்கு அதைச் சரியாகக் கேட்கவும் தெரியவில்லை. பன்றிப் பண்ணை டுவேன் சொன்னான்: "உங்க ஆளுங்க போன்ல என் மச்சானைப் பத்திக் கேட்டாங்க. முகம் தெரியாத பொண்ணுகிட்ட குடும்பத்தை விட்டுக்கொடுப்பேனா? ஸ்டைவர்ஸுக்குத்தான்னு சொல்லி வச்சேன். நெஜத்துல அவன் தெனம் மாத்திப் பேசறான், நானும்தான்." பிறகு, "ஏன் நேடீன், கர்டிஸும் சாய்ஞ்சிட்டானோ?" என்றான். சிரித்தபடி, காலையில் போட்ட காப்பியையே அவனுக்கு ஊற்றினேன்.

உன்னைப் பற்றி உன்னிடமே கேட்டால் நீயும் பூசி மெழுகுவாய். அதனால் ஹீட்டரைப் பார்க்க வந்த உன் மச்சானைக் கேட்டேன். என் அண்ணன் ஆர்லோ தலையைச் சொறிந்தான். "வாரா வாரம் எனக்குத்தான் போன் பண்றான். அவ என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளாங்கறான். அவகிட்டயே கேளுடான்னா, பயமாயிருக்குங்கறான்" என்றான்.

'உறுதி' என்று குறித்த தொகுதிக்கு நீங்கள் யாரும் போவதில்லை. இழுபறியைத்தான் நேரில் வந்து பார்ப்பீர்கள். பதினாறு வருடமாக என்னை எந்தப் பட்டியலில் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

நம் தொகுதியை இழுபறிக்கு மாற்று. கூடவே இந்த வீட்டையும். கடைசிப் பட்டியல் போடுவதற்குள் ஒரு தடவை வந்து பார். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், தனியாக.

உன்,
நேடீன்