பரவாயில்லை, மேடம்

மார்ச் 4

அன்புள்ள குண்டூசிக்கு,

நீயும் உன் பேக்கரியும் சௌக்கியம் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். போனில் விசாரித்தால் நீ பதில் சொல்லி முடிப்பதற்குள் என் மதிய இடைவேளை போய்விடும். அதனால்தான் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்களே, அதன் முதல் பலன் கிடைத்துவிட்டது. தராசு ராஜினாமா கொடுத்துவிட்டாள். எங்கள் மூத்த டெக்னீஷியன். ஒரு சொட்டுகூடப் பிசகமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். இந்த மாதக் கடைசியோடு போகிறாளாம். அவள் போனால் கூடம் நொண்டியடிக்கும். தவிர, எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். அதை அவளிடம் சொல்லும் உத்தேசம் இல்லை.

நிர்வாகம் என்னைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு வேறு அனுப்பியது. கோட்டுப் போட்ட ஒருவர் எங்களைக் கைகோத்து நிற்கவைத்து, "அணி என்பது ஒரு குடும்பம்" என்றார். அவர் என் குடும்பத்தைப் பார்த்ததில்லை.

ஏன் போகிறீர்கள் என்று தராசைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல, பரவாயில்லை மேடம்" என்றாள். அந்தப் "பரவாயில்லை"யை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். ஏன் என்று உனக்குப் புரிகிறதா?

உன்
புரொபசர்


மார்ச் 9

அடியே புரொபசர்,

உன் கவரைப் பாத்ததும் யாரோ போயிட்டாங்கன்னு என் வீட்டுக்காரர் சட்டையை மாத்திக்கிட்டு வந்து நிக்கறார்! இந்தக் காலத்துல கடிதம் எழுதற ஒரே ஜென்மம் நீதான்.

புரியாம என்ன? ஹாஸ்டல்ல நாம ஒருத்தருக்கொருத்தர் பட்டப்பேர் வெச்ச வருஷம், உன் பொறந்தநாளுக்கு நான் கேக் செஞ்சேன். நீ தின்னுட்டு "பரவாயில்லை"ன்ன. அடுத்த வாரம் உன் மைக்ராஸ்கோப் கண்ணாடியை உடைச்சேன். அதுக்கும் "பரவாயில்லை"ன்ன. என் கேக்கும் உடைஞ்ச கண்ணாடியும் இவளுக்கு ஒண்ணுதானான்னு உன்கூடப் பேசாமலே இருந்தேன். நீ அதைக் கவனிக்கக்கூட இல்ல!

வாயைத் திறந்து பாராட்டுடி. நான் கடைக்குள்ள நுழையும்போதே எல்லாருக்கும் ஒரு "சூப்பர்" போட்டுட்டுத்தான் கல்லால உக்காருவேன். காசா பணமா?

உன்
குண்டூசி


மார்ச் 14

அன்புள்ள குண்டூசிக்கு,

எங்கள் வீட்டில் "பரவாயில்லை"தான் முதல் மதிப்பெண். நான் பல்கலைக்கழகத்தில் முதலாவதாக வந்தபோது அப்பா சொன்னது அதுதான். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. இது ஊருக்கெல்லாம் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை.

போகட்டும். உன் வைத்தியத்தைச் செய்து பார்த்தேன். காலையில் உள்ளே போய் ஒவ்வொருவரிடமும் "சூப்பர்" என்றேன். எல்லோரும் கையுறையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அவசரம் என்று ஒருவர் இருக்கிறார், பெயரிலேயே எல்லாம் தெரிந்திருக்கும். நான் சூப்பர் சொன்ன நேரத்தில் அவர் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை வரிசை மாற்றி வைத்துக்கொண்டிருந்தாராம். அதைச் சரிசெய்தது தராசு. நேரே என் அறைக்கு வந்தாள்.

"மேடம், உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"போன மாசம் அவர் குழாயைக் கீழ போட்டு உடைச்சார். பரவாயில்லைன்னீங்க. அன்னைக்கே நான் லேபிள் மாறினதைக் கண்டுபிடிச்சுச் சொன்னேன். அதுக்கும் பரவாயில்லைன்னீங்க. இன்னைக்கு அவருக்கு சூப்பராம். நான் கிளம்பறதுதான் சரி."

உன் யோசனைக்கு நன்றி.

புரொபசர்


மார்ச் 18

என் தங்கமே,

சிரிச்சுச் சிரிச்சு மாவுல கண்ணீர் விழுந்துடுச்சு. ஆனா சிரிக்கற யோக்கியதை எனக்கில்ல. நேத்து அடி கருகின கேக்கை எங்க மாஸ்டர் அழகா பெட்டில கட்டி அனுப்பிட்டார். "என்னய்யா இது?"ன்னா, "நீங்கதானே அக்கா சூப்பர்னீங்க"ங்கறார். சொல்லியிருக்கேன்! போற போக்குல, பெட்டிப் பக்கம் திரும்பாமலே.

யோசிச்சுப் பாத்தேன். நான் பாக்காமலே சொல்றேன். நீ எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்லாம விடற. ரெண்டும் ஒரே லட்சணம்தான். உனக்குக் கொஞ்சிப் பேச வராது, விடு. நீ பாத்ததை உன் லேப் ரிப்போர்ட் மாதிரி அப்படியே சொல்லு. அது உனக்கு வரும்.

குண்டூசி


மார்ச் 29

அன்புள்ள குண்டூசிக்கு,

அவசரத்தைத் தனியாகக் கூப்பிட்டு எது தவறு, ஏன் தவறு என்று சொன்னேன். ஆச்சரியம், நன்றி சொன்னார். பிறகு எல்லோரும் இருக்கும்போது தராசிடம் சொன்னேன்: "அந்த லேபிளை நீங்க கவனிக்கலேன்னா ஒரு நோயாளிக்குத் தேவையில்லாத மருந்து போயிருக்கும். அது நடக்காததுக்குக் காரணம் நீங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

"சரிங்க மேடம்" என்றாள். கை கழுவப் போய்விட்டாள்.

ராஜினாமாவைத் திரும்பக் கேட்கவில்லை. அவளுடைய இடத்துக்கு ஆள் தேட விளம்பரமும் எழுதி வைத்துவிட்டேன்.

நேற்று என் அறை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கை.

"ஃப்ரிட்ஜ்ல மருந்து பாட்டிலையெல்லாம் யார் இப்படி அடுக்கினது?"

நான்தான் என்றேன்.

"கதவுல வைப்பாங்களா மேடம்? ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் சூடேறும்ல? அடுத்த மாசம் இதையெல்லாம் நான்தான் உக்காந்து மாத்தணும்."

"அடுத்த மாசமா?"

"பின்ன? இதையெல்லாம் உங்களை நம்பி விட்டுட்டுப் போவேனா?"

அத்தோடு விடவில்லை. சாவி மாட்டும் இடம், என் கையெழுத்து, நான் கதவைச் சாத்தும் விதம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரம்கூட அவசரமில்லாமல் நின்று கேட்டார். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

உன்
புரொபசர்