இரண்டால் வகுக்க வேண்டும்

காலை 8.10 / ஆழம் 1800 மீட்டர்

மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே, கடலடியில் என் நீர்மூழ்கிக் கலம் சேதமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. உள்ளே நான் ஒருத்திதான். பெயர் பெர்பெத்துவா, கடலியல் விரிவுரையாளர். மண் மாதிரி எடுத்தாயிற்று. மாலை ஐந்து வரை காற்று இருக்கிறது.

மேலே கப்பலில் செய்திக் கருவியைக் கவனிப்பவள் என் முதலாண்டு மாணவி ஜெபகனி. வங்கி வேலையை உதறிவிட்டுக் கடலைப் படிக்க வந்தவள். நான் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் எதிர்க்கருவி தானாக ஒரு 'டிக்' திருப்பி அனுப்பும். போய்வர 2.4 நொடி. ஒழுங்காக வருகிறது.

சும்மா இருப்பானேன் என்று ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒலி கடல்நீரில் நொடிக்கு 1500 மீட்டர் ஓடும். எதிரொலி வர 2.4 நொடி ஆனால் ஆழம் எவ்வளவு?

"3600 மேடம். ரெண்டு மட்டம் போட்டுப் பாத்துட்டேன்."

போன ஒலி திரும்பியும் வர வேண்டாமா? இரண்டால் வகுக்க வேண்டும், 1800 என்று அனுப்பினேன். ஒரு பருவம் முழுக்க இதையே சொல்லித் தொண்டை வற்றிவிட்டது.

11.25 / 1800

மேலே காற்று வலுத்துவிட்டது.

"கேப்டன் கப்பலத் தள்ளிக் கொண்டு போறாரு மேடம். கொஞ்ச நேரம் எங்க சத்தம் உங்களுக்கு எட்டாது. திரும்பி உங்க தலைக்கு மேல வந்ததும் சொல்லுதேன். அதுவரைக்கும் பாரத்த விட்ராதீங்க."

அடியில் உள்ள இரும்புப் பாரத்தை விட்டால் கலம் தானாக மேலே போய்விடும். திரும்ப இறங்க முடியாது. கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மேலே கப்பல் இல்லாவிட்டால், வெயிலைப் பார்த்துக்கொண்டே மூச்சு முட்ட வேண்டியதுதான். காத்திருக்கிறேன்.

1.40 / 1800

"வந்துட்டோம் மேடம். பாரத்த விடுங்க."

கை நெம்புகோலுக்குப் போய்விட்டது. அதற்கு முன் வழக்கப்படி பதில் போட்டேன். டிக் 0.6 நொடியில் வந்தது.

1500-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 900. இரண்டால் வகுத்தால் 450 மீட்டர். கப்பல் மிதக்கிற இடம் 1800 மீட்டர் மேலே. அப்படியானால் 450 மீட்டரில் இருப்பது யார்?

காலையில் கேட்ட கணக்கையே மறுபடி கேட்டேன்.

"1800 மேடம்."

சரியான விடை. எத்தனை முறை திருத்தினாலும் ஜெபகனி 3600 என்பவள். காலையில் நான் திருத்தியதை அது கேட்டிருக்கிறது.

1.55

செய்த மடத்தனத்தையும் எழுதிவைக்கிறேன். தப்பு எங்கே என்று எழுதாமல் மதிப்பெண் குறைக்க எனக்குக் கை வராது. இன்றும் கை சும்மா இருக்கவில்லை. 'நீ ஜெபகனி இல்லை. அவளாக இருந்தால் 3600 என்பாள். கப்பலிலிருந்து டிக் வர 2.4 நொடி ஆகும், 0.6 அல்ல' என்று விளக்கமாக அனுப்பிவிட்டேன்.

"நன்றி மேடம்."

நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

3.50 / 1800

தலை கனக்கிறது. எழுத்து கோணுகிறது.

"மேடம், வந்துட்டோம். தலைக்கு மேலதான் நிக்கோம். விடுங்க."

டிக் 2.4 நொடி. அது மட்டும் போதாது, அந்த எண்ணை நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். புதுக் கணக்குக் கேட்டேன்: எதிரொலி வர மூன்று நொடி.

"4500 மேடம். ரெண்டு மட்டம் போட்டுப் பாத்துட்டேன்."

தப்பான விடை. கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் காற்று தீரப் போகிறது, எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. ஜெபகனி, மேலே வந்ததும் உன்னைத் திட்டவே மாட்டேன்.

பாரத்தை விட்டுவிட்டேன்.

4.10 / 900

ஏறுகிறது. இன்னொரு செய்தி, பாதி அழிந்து வந்தது.

"மேடம், நல்லா இருக்கீங்களா? அலை அடங்கல. இப்பதான் சத்தம் எட்டுற தூரத்துக்கு வந்திருக்கோம். இன்னும் தள்ளித்தான் கெடக்கோம். நான் சொல்ற வரைக்கும் பாரத்த விட்ராதீங்க. அப்புறம், அந்தக் கணக்கத் திரும்பப் போட்டேன். 1800 தானே?"

பதில் போட்டேன். டிக் வர எட்டு நொடி. பாதி போக, ஆறு கிலோமீட்டர்.

சரிதான், ஜெபகனி. 1800தான்.

4.14 / 720

"அடுத்த கணக்கு குடுங்க மேடம்."

இது ஜெபகனி இல்லை. கீழிருந்து வருகிறது. கூடவே ஏறி வந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று கேட்டேன். டிக் 0.02 நொடி.

1500 பெருக்கல் 0.02. முப்பது. முப்பது மீட்டர். கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது.

இல்லை. இரண்டால் வகு